பட்டன் சட்டைக்கு லோகோ

தம்பி,

நீ அனுப்பிய சட்டைப் படத்தைப் பார்த்தேன். ஆர்டர் கொடுத்த ஆளுக்கு நெஞ்சுக்குக் குறுக்கே, பட்டன் பட்டியைத் தாண்டி லோகோ வேண்டுமாம். நீயும் சரி என்று தலையாட்டி அட்வான்ஸ் வாங்கிவிட்டு இப்போது அம்மாவைக் கேட்கிறாய்.

ஸ்கிரீன் பிரிண்டிங்கே சமமான பரப்பை நம்பி நடக்கிற தொழில். ஸ்கிரீனில் இழுத்துக் கட்டின மெஷ் வலைக்கும் துணிக்கும் நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளிதான், மையைத் தள்ளுகிற ஸ்க்வீஜி ரப்பர் அழுத்துகிற இடத்தில் மட்டும் மெஷ் துணியைத் தொட்டு மையை இறக்கிவிட்டு உடனே எழும்பணும். நடுவில் பட்டன் முட்டிக்கொண்டு நின்றால் அதைச் சுற்றி மெஷ் துணியைத் தொடவே தொடாது, அங்கே மை விழாது, கொஞ்சம் தள்ளி அப்பிக்கொண்டு கிடக்கும். பட்டியின் தையல் மடிப்பிலும் இதே கதைதான். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் சரியாகிவிடும் என்று மட்டும் நினைக்காதே, பட்டன் மெஷ்ஷைக் கிழித்துவிடும், அப்புறம் புதுசாக ஸ்கிரீன் போடணும்.

முதலில் அந்த ஆளிடம் லோகோவை இடது நெஞ்சுக்கு மாற்றிக்கலாமா என்று கேள். அதற்குச் சட்டைக்குள் நுழைக்க ஒரு சின்னப் பலகை போதும், பட்டியும் பட்டனும் பலகைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். பாக்கெட் மேலேயே வேண்டுமென்றால் பாக்கெட்டுக்குள் நுழைகிற அளவில் பலகை வெட்டிக்கொள். பட்டனுக்கு ஒட்டினாற்போலத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் பலகை மேல் ஃபோம் ஷீட் ஒட்டி, பட்டன் அமுங்குகிற இடத்தில் குழி எடு, ஸ்க்வீஜி ரப்பரும் கொஞ்சம் மெத்தென்று 60 ஷோரில் (ரப்பரின் கடினத்தன்மை அளவு) இருக்கட்டும். ஆனால் பட்டியைத் தாண்டுகிற டிசைனுக்கு இதெல்லாம் உதவாது.

அதற்கு வழி, தைப்பதற்கு முன்னால் கட் பீஸிலேயே அடிப்பதுதான். திருப்பூரில் இருந்துகொண்டு இதை நான் உனக்குச் சொல்லணுமா? அப்போதும் இரண்டு பக்கத் துணியையும் தனித்தனியாக அடித்து, தையல்காரர் கோடு பிசகாமல் சேர்க்கணும், கொஞ்சம் விலகினாலும் லோகோ கோணலாகத் தெரியும். தைத்த சட்டைதான் கையில் இருக்கிறது என்றால் டிரான்ஸ்பர் போடு. மை உரிந்து வருகிற ரிலீஸ் பேப்பரில் பிளாஸ்டிசால் மையில் லோகோவை இடவலம் திருப்பி அடித்து (வெள்ளை கடைசியில், மறந்துவிடாதே) அரைவேக்காட்டில் எடுத்து வைத்துக்கொள், பிறகு ஹீட் பிரஸ்ஸில் வை. மை முழுசாக வேக 160 டிகிரி வேண்டும். சட்டைக்குள் ஒரு மெத்தைப் பேட் வைத்தால் மேடு பள்ளம் அமுங்கிக்கொள்ளும், பட்டன் மட்டும் சூட்டுத் தட்டுக்கு அடியில் வரவே கூடாது.

துணி பாலியெஸ்டர் கலந்ததா என்றும் பார்த்துக்கொள். சிவப்புத் துணியில் அடித்த வெள்ளை, சூட்டில் சாயம் ஏறி ரோஸாகிவிடும்.

இங்கே கும்பகோணத்தில் ஐப்பசி மழை விடவில்லை, எமல்ஷன் கோட்டிங் போட்ட ஸ்கிரீன் காயவே மாட்டேன் என்கிறது, ஈரத்தோடு வெளிச்சத்தில் வைத்து எக்ஸ்போஸ் பண்ணினால் கழுவும்போதே உரிந்து வருகிறது. 2028 மகாமகத்துக்குத் தொண்டர் பனியன் ஆர்டர் எப்படியும் வரும் என்று அப்பா இப்போதே கணக்குப் போடுகிறார். நல்லவேளை, அதெல்லாம் ரவுண்ட் நெக், பட்டனே கிடையாது.

அந்த ஆளிடம் சாம்பிளுக்கென்று கூடுதலாக இரண்டு சட்டை வாங்கிக்கொள், உன் கைக்காசில் வாங்காதே. பேசிவிட்டு எட்டு மணிக்கு மேல் போன் பண்ணு, அதுவரை கடையில் பிளோயர் சத்தத்தில் எதுவும் கேட்காது.

அம்மா