பழைய பிராசசர்களுக்கு ஒரே மதிப்பெண் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய லேப்டாப் பிராசசர்களையும் சர்வர் பிராசசர்களையும் ஒப்பிட்டுச் சென்ற இதழில் வெளியிட்ட அட்டவணையைப் படித்தேன். பழைய கணினி வாங்க நினைக்கும் பலர் அதை வெட்டி எடுத்து வைத்திருப்பார்கள். அதனால்தான் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு பிராசசருக்கும் ஒரே ஒரு மொத்த மதிப்பெண் போட்டு, அதை வைத்தே முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்தியிருக்கிறீர்கள். அந்த வரிசையை நம்பி வாங்குபவருக்குப் பணமும் போகும், வேலையும் ஆகாது.

உங்கள் அட்டவணையிலிருந்தே இரண்டை எடுத்துக்கொள்கிறேன். 2011-ல் வந்த லேப்டாப் பிராசசர் கோர் ஐ5-2520எம். 2012-ல் வந்த சர்வர் பிராசசர் ஜியான் ஈ5-2670. முன்னதில் 2 கோர் (கணக்குப் போடும் தனித்தனிப் பகுதி), பின்னதில் 8 கோர். மொத்த மதிப்பெண்ணில் ஜியான் எட்ட முடியாத உயரத்தில் நிற்கிறது. ஆனால் இரண்டுக்குள்ளும் இருப்பது சாண்டி பிரிட்ஜ் என்ற ஒரே தலைமுறைக் கோர்தான். டர்போவில், அதாவது தேவைப்படும்போது சிறிது நேரம் எட்டும் கூடுதல் வேகத்தில், லேப்டாப் பிராசசர் 3.2 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், ஜியான் 3.3 வரை போகும். ஒரே கோரை நம்பி ஓடும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் முடிக்கும். வீட்டிலும் சிறு அலுவலகத்திலும் நடக்கும் வேலைகளில் பெரும்பகுதி இந்த ரகம்தான். ஜியானின் மற்றக் கோர்கள் அப்போது சும்மா கிடக்கும்.

அப்படியென்றால் சர்வர் பிராசசர் வீணா? இல்லவே இல்லை. அதன் பலம் கோருக்கு வெளியே இருக்கிறது. பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகமான கேஷ் லேப்டாப்பில் 3 எம்பி, இதில் 20 எம்பி. மெமரிக்குத் தரவு போய்வரும் பாதையான சேனல் லேப்டாப்பில் 2, இதில் 4. ஒரே மதர்போர்டில் இரண்டு பிராசசர்களைப் பொருத்தலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மெமரியில் ஒரு பிட் தானாகப் புரண்டுவிட்டால் அதைக் கண்டுபிடித்துத் திருத்தும் ஈசிசி வசதி. பல பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் டேட்டாபேஸையோ, நாலைந்து விர்ச்சுவல் மெஷின்களையோ (ஒரே கணினிக்குள் தனித்தனிக் கணினிகள் போல ஓடுபவை) மாதக்கணக்கில் அணைக்காமல் ஓட்டுபவருக்கு இதைவிடப் பெரிய தகுதி கிடையாது. உங்கள் அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

லேப்டாப் பக்கமும் இதே குறைதான். 'ஐ7' என்று மட்டும் போட்டு விட்டுவிட்டீர்கள். 2016-ல் வந்த ஐ7-7500யு வெறும் 2 கோர். அடுத்த வருடமே வந்த ஐ7-8550யு 4 கோர். இரண்டுமே 15 வாட் பிராசசர்கள், பெயரும் ஐ7தான். முழு எண்ணையும் அச்சிடாவிட்டால் வாசகர் எதை வாங்குவார்? அந்த 8550யு-வின் அடிப்படை வேகம் 1.8 கிகாஹெர்ட்ஸ், டர்போ 4.0. சில நிமிடங்களில் முடிந்துவிடும் சோதனையில் டர்போ வேகம்தான் பளிச்சென்று தெரியும். ஒரு மணி நேர வீடியோவை வேறு ஃபார்மட்டுக்கு மாற்றக் கொடுத்தால், மெல்லிய லேப்டாப்பில் சூடு ஏற ஏற வேகம் இறங்கிவிடும். ஃபேனில் தூசி அடைத்து, பிராசசரின் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோன பழைய லேப்டாப்பாக இருந்தால் இன்னும் மோசம். (வாங்கியதும் முதலில் செய்ய வேண்டியது அதைத் திறந்து சுத்தம் செய்து, புது பேஸ்ட் போடுவதுதான்.)

இன்னொன்று, வயது. பல எண்களை ஒரே அடியில் கணக்கிட உதவும் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் 2013-ல் ஹாஸ்வெல் தலைமுறையோடுதான் இன்டெல் பிராசசர்களுக்கு வந்தன. அது கட்டாயம் வேண்டும் என்று கேட்கும் மென்பொருள், 2 கோர் உள்ள ஹாஸ்வெல் லேப்டாப் பிராசசரான ஐ7-4600யு-வில் ஓடும், 8 கோர் உள்ள ஈ5-2670-ல் ஓடாது. வீடியோவை வேகமாக மாற்றித்தரும் குவிக் சிங்க் வசதியும் அந்தச் சின்ன ஐ5-2520எம்-ல் உண்டு. கிராபிக்ஸே இல்லாத இந்த ஜியானில் அதுவும் கிடையாது.

லேப்டாப் பிராசசர் என்றாலே இளக்காரமாகப் பார்க்கும் தொனி கட்டுரை முழுக்க இருந்தது, அதுதான் எனக்கு வருத்தம். 2003-ல் வந்த லேப்டாப் பிராசசர் பென்டியம் எம், தன்னைவிட அதிக கிகாஹெர்ட்ஸ் காட்டிய பென்டியம் 4-ஐப் பல வேலைகளில் எட்டிப் பிடித்தது, அதுவும் குறைந்த மின்சாரத்தில். சூட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் பென்டியம் 4 வழியை இன்டெல் கைவிட்டபோது, 2006-ல் கோர் 2-க்கும் ஜியான் 5100 வரிசைக்கும் அடிப்படையாக அமைந்தது பென்டியம் எம் வழிவந்த வடிவமைப்புதான். சர்வர் அறைக்குள் போனதே லேப்டாப் பரம்பரை!

அடுத்த முறை அட்டவணை போடும்போது மூன்று விவரங்களைச் சேருங்கள்: ஒற்றைக் கோர் மதிப்பெண், அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓடிய பிறகு நிற்கும் வேகம், முழு கணினியும் பிளக்கிலிருந்து இழுக்கும் வாட். அந்த ஐ5-2520எம்-க்கும் ஈ5-2670-க்கும் போட்டிருக்கும் 35 வாட், 115 வாட் எல்லாம் குளிரூட்டலுக்காகச் சொல்லப்படும் கணக்கு, மீட்டரில் ஓடுவது வேறு. பக்கத்தில் இடம் போதாது என்றால் மொத்த மதிப்பெண்ணை எடுத்துவிட்டு இவற்றைப் போடுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புப் பணியில் உள்ள உங்கள் வாசகர்