ரெக்கார்டு நோட்டில் 10.9 இருந்தால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேல்நிலை வகுப்புகளின் செய்முறைத் தேர்வு நெருங்கும்போதெல்லாம், முந்தைய ஆண்டு மாணவரின் ரெக்கார்டு நோட்டைக் கடன் வாங்கி இரவெல்லாம் பார்த்து எழுதும் பிள்ளைகளைப் பல வீடுகளில் காண்கிறோம். ரெக்கார்டு எழுதும் இந்த வீண்வேலையே வேண்டாம் என்று பெற்றோர் சிலர் சொல்லும்போது, முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்த என்னால் அதை ஏற்க முடியவில்லை.

பதினோராம் வகுப்பில் தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கம் காணும் சோதனையில், விடை 9.8 என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். ஒருமுறை என் மாணவி ஒருத்திக்கு 10.9 வந்தது. நூலின் நீளத்தை 60 செ.மீ. முதல் 100 செ.மீ. வரை மாற்றி எடுத்த ஐந்து அளவுகளிலும் அதே விடையை ஒட்டியே வந்ததால், நிறுத்துக்கடிகாரத்தை அழுத்துவதில் ஏற்படும் சிறு தடுமாற்றம் அதற்குக் காரணமாக இருக்க முடியாது. அவள் எண்ணை அழிக்கவில்லை. செய்ததைச் செய்தபடியே தன் சொற்களில் எழுதியிருந்தாள். குண்டைக் கையிலிருந்து விட்டதும் 'ஒன்று' என எண்ணத் தொடங்கி, 'இருபது' என்றதும் கடிகாரத்தை நிறுத்தியதாக அவள் எழுதிய வரியைப் படித்தவுடன் காரணம் விளங்கிவிட்டது. அவள் அளந்தது 19 அலைவுகளின் நேரத்தை, வகுத்ததோ 20ஆல். ஒரு மீட்டர் ஊசல் 20 முறை அலைய ஏறத்தாழ 40 வினாடி ஆகும். அவளுக்கு 38 வினாடிதான் ஆகியிருந்தது. பூஜ்யத்திலிருந்து எண்ணச் சொன்னேன், விடை சரியாக வந்தது. அதே தவறைச் செய்தவர்கள் அவ்வகுப்பில் இன்னும் சிலர் இருந்திருக்கக்கூடும். ஆனால் வழிகாட்டி நூலின் வரிகளையும் 9.8 என்ற விடையையும் எழுதி வைத்தவர்களின் நோட்டில் அதைக் கண்டுபிடிக்க எனக்கு வழியே இல்லாமல் போயிற்று.

காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜனும் வேதிச் சேர்மங்களிலிருந்து பெற்ற நைட்ரஜனும் எடையில் ஒத்துப்போகாததைக் கண்ட ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு, அதை மறைக்காமல் 1892இல் நேச்சர் என்ற அறிவியல் இதழுக்கு எழுதி விளக்கம் கேட்டார். பின்னர் மேலும் கவனமாக எடுத்த அளவுகளிலும் ஒரே கொள்ளளவில் காற்றின் நைட்ரஜன் 2.310 கிராம், சேர்மங்களின் நைட்ரஜன் 2.299 கிராம் என்றே நின்றது. அந்தச் சிறு வேறுபாட்டைப் பின்தொடர்ந்துதான் அவரும் வேதியியலாளர் ராம்சேயும் 1894இல் காற்றில் கலந்திருந்த ஆர்கான் என்ற வாயுவைக் கண்டறிந்தனர்.

ஐம்பது பேர் கொண்ட வகுப்பில் ஒவ்வொரு நோட்டையும் வரிவரியாகப் படிப்பது எளிதன்று என்பதை அறிவேன். எனவே விரிவாக எழுத வேண்டிய சோதனைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, காட்சிப்பதிவுகளை ஆய்வகத்திலேயே பேனாவால் எழுதச் செய்து, தவறான எண்ணை அழிக்காமல் ஒற்றைக் கோட்டால் அடிக்கப் பழக்கலாம். விடை விலகியதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காமல், விலகலுக்கான காரணத்தை ஆராய்ந்து எழுதுபவருக்கு மதிப்பெண் வழங்கும்படி பள்ளிக் கல்வித் துறை மதிப்பீட்டு முறையைத் திருத்த வேண்டுமெனத் தங்கள் நாளிதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
மதுரை