அளவு நாடாவோடு ஒருமுறை வாருங்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். டர்பன் நகர மையத்தில் இருந்த நம் அலுவலகத்தைக் காலி செய்து, எங்களை உம்ஷ்லாங்காவில், பல நிறுவனங்கள் இருக்கைகளை வாடகைக்கு எடுத்து ஒரே கூடத்தில் வேலை செய்யும் பகிர்வு அலுவலகத்துக்கு மாற்றியதற்கான காரணங்களை நீங்களே விளக்கினீர்கள். அவற்றை இங்கே மறுபடி எழுத வேண்டியதில்லை. இந்த மடல் அங்கே எங்களுக்கு இடம் போதாததைப் பற்றியது. போன வாரம் நடந்ததும் உங்கள் காதுக்கு எட்டியிருக்கும். மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு முடிக்கும் நாளில், மேசை கிடைக்காத எங்கள் கணக்குப் பிரிவு மூத்தவர் ஒருவர் மடிக்கணினியோடு அவசரகால மாடிப்படியில் உட்கார்ந்து வேலை பார்த்தார். காவலாளி வந்து எழுப்பிவிட்டார். காவலாளியைக் குறை சொல்ல முடியாது. தீப்பிடித்தால் எல்லோரும் இறங்க வேண்டிய வழி அது.

அதைவிட எனக்கு உறுத்துவது சுவரோர மேசைதான். அங்கே உட்காரும் சகோதரி ஏழு மாதக் கர்ப்பிணி. நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. அவர் கழிவறைக்குப் போக வேண்டுமானால் வரிசையில் மூன்று பேர் நாற்காலியை உள்ளே இழுக்க வேண்டும், கடைசியில் இருப்பவர் எழுந்தே நிற்க வேண்டும். அவர்களில் இருவர் வேறு நிறுவனத்தார். பெரும்பாலும் வாடிக்கையாளரோடு தொலைபேசியில் இருப்பார்கள். ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்துவிட்டது. இப்போது தண்ணீர்ப் புட்டியை நிரப்புவதே இல்லை. "குடித்தால்தானே எழுந்திருக்க வேண்டும்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் சலுகை கேட்கவில்லை. உள்ளரங்கில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் குறைந்தது 2.25 சதுர மீட்டர் திறந்த தரைப்பரப்பு வேண்டும் என்று நம் தென்னாப்பிரிக்காவில் 1987இலேயே விதி எழுதிவிட்டார்கள். ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர், அவ்வளவுதான். திறந்த தரை என்றால் மேசையும் அலமாரியும் அடைத்துக்கொண்ட இடத்தைக் கணக்கில் சேர்க்க முடியாது. எங்கள் மூலையை அளந்து காட்டுங்கள்.

"அது இடம் நடத்துபவர்களின் பொறுப்பு" என்று சொன்னீர்கள். அவர்களைக் கேட்டால் "உங்கள் நிறுவனம் வாங்கிய இருக்கைகள் இவ்வளவுதான்" என்கிறார்கள். எங்களுக்குச் சம்பளம் தருவது நீங்கள். 1993ஆம் ஆண்டின் தொழில்சார் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம் ஊழியரின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாகத்தான் வைத்திருக்கிறது. இருபது பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் பாதுகாப்புப் பிரதிநிதியை எழுத்து மூலம் நியமிக்கவும் சொல்கிறது. நாங்கள் இருபதைத் தாண்டி வெகுகாலமாகிறது. பிரதிநிதி யாரென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அச்சு இயந்திரம் அறையின் மறுகோடியில் இருக்கிறது. எழுந்து போக வழியில்லாததால், மினிபஸ் டாக்சியில் பின் இருக்கைக்காரர் கட்டணத்தை முன்னால் அனுப்புவதுபோல, சம்பளச் சீட்டுகள் கைமாறிக் கைமாறி எங்களிடம் வருகின்றன. யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று இப்போது பக்கத்து நிறுவனத்துக்கும் தெரியும். ஒருவேளை இதைத்தான் உங்கள் சுற்றறிக்கை "திறந்த பணிப் பண்பாடு" என்றதோ என்னவோ. நடுக்கூடத்தில் மேசைப்பந்து விளையாட ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். அந்த மேசையின் பரப்பே நான்கு சதுர மீட்டருக்கு மேல். விளையாடி யாரையும் பார்த்ததில்லை. பந்துக்குக் கிடைத்த இடத்தில் பாதியாவது ஆளுக்குக் கிடைக்கக் கூடாதா?

கோபத்தில் ஏதேனும் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: உங்களில் ஒருவர் அளவு நாடாவோடு வந்து, பாதுகாப்புப் பிரதிநிதி ஒருவரையும் உடன் வைத்துக்கொண்டு, எங்கள் இடத்தை அளந்து காட்டுங்கள். குறைந்தால் கூடுதல் இருக்கைகளை வாடகைக்கு எடுங்கள். சுவரோர மேசையை மட்டும் அதுவரை காத்திருக்காமல் நாளைக்கே மாற்றித் தாருங்கள். அடுத்த சம்பளக் கணக்குக்கு முன் எழுத்தில் பதில் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். வராவிட்டால் இதே மடல் தொழிலாளர் துறை ஆய்வாளருக்குப் போகும்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு ஊழியர்கள் சார்பாக ஒருவர்