வாறுகாலுக்கு ஒரு முடிவிடம் கொடுங்கள்: வட்டார வளர்ச்சி அலுவலருக்குத் திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கீழத்தெருவின் வாறுகால், அதாவது கழிவுநீர் வடிகால், விவகாரம் தங்களுக்குப் புதிதல்ல. 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து தனி அலுவலர் பொறுப்பும் தங்களிடமே இருப்பதால், கிராம சபையில் நாங்கள் கொடுத்த மனுக்களெல்லாம் தங்கள் மேசைக்குத்தான் வந்திருக்கும். இப்போது ஊரறிய எழுத வைத்தது, சென்ற வாரம் ஊர் முகப்பில் நட்ட பலகை. தூய்மை பாரத இயக்கத்தின்கீழ் எங்கள் ஊர் ‘மாதிரி கிராமம்’ ஆகிவிட்டதாக அது அறிவிக்கிறது.

பலகையைத் தாண்டி நூறடி நடந்தால் கீழத்தெரு. மேட்டுத்தெருக்களில் குளித்த நீரும், பாத்திரம் கழுவிய நீரும், துணி துவைத்த நீரும் சரிவில் இறங்கி இங்கேதான் வந்து நிற்கின்றன. வாறுகால் கட்டியவர்கள் அதற்கு ஒரு முடிவிடம் வைக்கவில்லை. குடிநீர்க் குழாயில் அழுத்தம் போதாததால், தெருவில் பெரும்பாலான வீடுகளில் குழாயடியில் குழி தோண்டி, குடத்தை உள்ளே இறக்கித்தான் தண்ணீர் பிடிக்கிறோம். அந்தக் குழிக்குள் இப்போது சாக்கடை ஊறி நிற்கிறது. தண்ணீர் திறந்துவிடும் நேரத்துக்கு முன்பே பெண்கள் எழுந்து, வாளியால் கழிவுநீரை இறைத்து வெளியே ஊற்றிவிட்டு, அதே குழியில் குடத்தை வைக்கிறார்கள். தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகி உள்ளே வெற்றிடம் உண்டாகும்போது, குழியில் கிடப்பதை அது திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் முதல் குடம் எதைக் கொண்டுவருகிறது என்பதை இதற்கு மேல் நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

நூறு நாள் வேலையில் உறிஞ்சுகுழிகள் தோண்டித் தந்தீர்கள், நன்றி. ஆனால் இது கரிசல் மண். நனைந்தால் உப்பி இறுகிவிடுமே தவிர நீரை உள்ளே விடாது. செம்மண் ஊருக்குப் போட்ட வரைபடத்தை அப்படியே இங்கே கொண்டுவந்ததால், குழிகள் முதல் மழையிலேயே நிரம்பி, இன்று கொசு வளர்க்கும் தொட்டிகளாகத்தான் பயன்படுகின்றன.

ஆகவே கோரிக்கை ஒன்றுதான்: வாறுகாலை ஊர்க்கோடிப் புறம்போக்குக்கு நீட்டி, அங்கே அடியில் படியும் மண்டியைப் பிடிக்க ஒரு தொட்டியும், அதையடுத்து கழிவுநீரை வெயிலும் பாசியும் நுண்ணுயிர்களும் சுத்திகரிக்கும் ஆழமற்ற குட்டைகளும் அமைத்துத் தாருங்கள். மின்சாரமோ இயந்திரமோ தேவையில்லை. அடியில் களிமண் இருப்பதால் நீர் இறங்கிவிடுமோ என்ற கவலையும் பெரிதாக இல்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. எங்கள் ஊரின் 1,200 பேருக்கு அது 66,000 லிட்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கு கழிவுநீராகத் திரும்புவதாகக் கொண்டால் 44,000 லிட்டர். தண்ணீரைக் கொண்டுவரத் திட்டம் போட்டவர்கள், அது எந்த வழியாகப் போகும் என்பதையும் அன்றே யோசித்திருக்கலாம்.

பணம் இல்லை என்ற பதிலும் பொருந்தவில்லை. 5,000 பேர் வரை உள்ள ஊர்களுக்குக் கழிவுநீர் மேலாண்மைக்காகத் தலைக்கு 280 ரூபாய் வரை தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்ட வழிகாட்டுதல்கள் ஒதுக்குகின்றன. எங்களுக்கு அது 3,36,000 ரூபாய். வடிகால் அமைப்பதும் கழிவுநீரை அகற்றுவதும் ஊராட்சியின் கடமை என்று 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டமும் சொல்கிறது.

மாதிரி கிராமத்தில் குப்பையும் தேங்கிய கழிவுநீரும் மிகக் குறைவாக இருக்க வேண்டும், பொது இடத்தில் நெகிழிக் குவியல் கூடாது, சுவரில் விழிப்புணர்வு வாசகங்கள் இருக்க வேண்டும் என்பார்கள். வாசகங்களைப் பொறுத்தவரை எங்கள் ஊரில் குறையே சொல்ல முடியாது. பெயின்ட் உதிரும் முன்பே புதிதாக எழுதிவிடுகிறார்கள். ஆய்வுக்கு வருகிறவர்கள் அந்தச் சுவர்களைப் படம் எடுத்துக்கொண்டு அப்படியே ஜீப்பைத் திருப்பிவிடுவதும், கீழத்தெருவுக்குள் எந்த அதிகாரியின் செருப்பும் நனையாததும் எங்களுக்குப் பழகிப்போன மரியாதைகள். மேட்டுத்தெருவின் அழுக்கு ஏன் எப்போதும் கீழத்தெருவிலேயே வந்து முடிகிறது என்றால், பள்ளம் என்கிறார்கள். பள்ளத்தில் எங்களுக்கு மனை ஒதுக்கியவர் யார் என்று நாங்கள் இங்கே கேட்கவில்லை.

சற்றுக் கடுமையாகிவிட்டிருந்தால் பொறுத்தருளுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒன்றியப் பொறியாளருடன் தாங்கள் நேரில் வந்து, புறம்போக்கை அளந்து, வாறுகாலுக்கு அந்த முடிவிடத்தை அமைக்கும் வேலைக்கு மதிப்பீடு தயாரிக்க உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். தண்ணீர் திறந்துவிடும் காலை நேரத்தில் வந்தால் பார்க்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
கீழத்தெரு மக்கள்