பெட்டி கேஸும் ஒரு கட்டமும்: சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாரியத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். வியாசர்பாடியில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களுக்கு விடியற்காலையில் ஓட்டமும் கயிறு ஏறுதலும் பழக்கி வருகிறேன். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்கப் பழக்கிவிடலாம். தமிழ்த் தகுதித் தேர்வுக்கும் உளவியல் வினாக்களுக்கும் புத்தகங்கள் கிடைக்கின்றன. யாருமே சொல்லித் தராதது, குற்ற வழக்கில் தொடர்பு உண்டா என்று கேட்கும் அந்த ஒரு கேள்விக்கு எப்படிப் பதில் எழுதுவது என்பதுதான்.

என்னிடம் பயின்ற ஒருவன், 19 வயதில் கோயில் திருவிழா இரவில் தெருமுனையில் ரகளை செய்ததாகச் சென்னை நகரக் காவல் சட்டத்தின் 75ஆம் பிரிவில் பிடிபட்டான். இப்படிப்பட்ட சில்லறை வழக்குக்கு எங்கள் பக்கத்தில் பெயர் பெட்டி கேஸ். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியவன், மறுநாள் காலை வழக்கம்போல் காசிமேட்டுக்கு மீன் கூடை தூக்கப் போய்விட்டான். "பைன் கட்டியாச்சு, கேஸ் முடிஞ்சுது" என்றுதான் அவன் வீட்டிலும் நினைத்தார்கள். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினாலே சட்டத்தின் பார்வையில் அது தண்டனைதான் என்பது, வெட்கத்தோடு சொல்கிறேன், அன்று எனக்கும் தெரியாது. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பத்தை நிரப்பியவர் "கேஸ் ஏதாவது இருக்கா?" என்று திரையைப் பார்த்தபடியே கேட்டார், இவன் தலையசைத்தான், 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் விழுந்தது. எழுத்துத் தேர்வு, உடல்திறன் தேர்வு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் தாண்டியவன், பழைய வழக்குகள் உண்டா என்று காவல் துறை பார்க்கும் முன்நடத்தை விசாரணையில் உண்மையை மறைத்தவனாக நின்றான்.

குற்றப் பின்னணி உள்ளவர்களைக் காவல் துறையில் சேருங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படிப்பட்டவர்களால் முதலில் அவதிப்படுவது எங்கள் தெருக்கள்தாம். குற்றம் ஐயமின்றி நிரூபிக்கப்படாததால், அதாவது சந்தேகத்தின் பலனால், விடுதலையானவரும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார் என்ற பணி விதி கடுமையானது என்றாலும், அதைப் பற்றி இன்று நான் வாதிட வரவில்லை. ஆனால், இளம் வயதில் முழக்கமிட்டது போன்ற அற்பமான வழக்கை ஒருவர் தெரிவிக்காமல் விட்டிருந்தால், அந்தத் தவற்றைப் பொருட்படுத்தாமல் விட வேலை தருபவருக்கு அதிகாரம் உண்டு என்று 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. மறைக்க வேண்டும் என்று மறைத்தவனையும் கேள்வி புரியாமல் விட்டவனையும் பிரித்துப் பார்க்க அது இடம் தருகிறது.

ஆகவே, அடுத்த அறிவிக்கையோடு ஒரே ஒரு பக்கம் எளிய தமிழில் சேர்த்து வெளியிடுமாறு வேண்டுகிறேன். அபராதத்தோடு முடிந்த வழக்கையும் எழுத வேண்டும், விடுதலையான வழக்கையும் எழுத வேண்டும், எழுதியதாலேயே ஒருவர் தானாகத் தகுதி இழப்பாரா இல்லையா என்ற மூன்றையும் அது சொன்னால் போதும். விண்ணப்பத்தில் தவறாகக் குறித்தவர், சான்றிதழ் சரிபார்ப்பு நாள்வரை தாமாக முன்வந்து திருத்திக்கொள்ளவும் வழி செய்யுங்கள். அந்தப் பக்கத்தை வடசென்னையின் ஒவ்வொரு பிரவுசிங் சென்டரிலும் விசைப்பலகைக்கு மேலே ஒட்டும் வேலையை நானும் என் மாணவர்களும் எடுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பயிற்சியாளர் ஒருவர்,
வியாசர்பாடி