ஹோல்டாலுக்குள் இருந்த கைப்பிடி

மதுரை
ஆடி வெள்ளி

அன்புள்ள கோமு,

உன் பேரனுக்கு மொட்டை போட்டதற்கு வரவில்லை, நீ கூப்பிட்டபோது போனும் எடுக்கவில்லை, வாட்ஸ்அப்பில் நீ தினமும் அனுப்புகிற ரோஜாப்பூவுக்கும் பதில் போடவில்லை. எல்லாம் தெரியும். திட்டுவதைக் கடிதம் படித்து முடித்த பிறகு வைத்துக்கொள். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. சுகர் 180-ல் நிற்கிறது. முரளி நியூரம்பெர்க்கிலேயேதான், பேத்தி மூன்றாம் வகுப்பு. நலம் விசாரிப்பு இத்தோடு முடிந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் ஜெய்ப்பூர் மக் கிடைத்துவிட்டது.

ஆமாம், அதேதான். நீலப் பூவும் பச்சை இலையும் போட்டது. 120 ரூபாய் சொன்னதை நீ 60-க்கு அடித்து வாங்கி, பஸ் முழுக்கப் பெருமையடித்தாயே, அந்த மக். முழுசாகக் கிடைக்கவில்லை. நாலு துண்டும் ஒரு கைப்பிடியுமாகக் கிடைத்தது. போனில் சொல்லியிருக்கலாம். நீ ஸ்பீக்கரில் போட்டு வீடு முழுக்கக் கேட்க வைப்பாய். இது எல்லாரும் கேட்கிற சமாச்சாரம் இல்லை.

போன வாரம் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தார்கள், பரணைக் காலி செய்தோம். உங்க அண்ணனுடைய ஹோல்டால் ஞாபகம் இருக்கிறதா? படுக்கையைச் சுருட்டிக் கட்டுகிற அந்தக் காக்கி உருளை. ஆபீஸ் சலுகையில் போன அந்த எல்.டி.சி. பயணத்துக்கு அப்புறம் அதை யாரும் தொட்டதில்லை. போகிக்குப் போகி "இதைத் தூக்கிப் போடுங்களேன்" என்பேன். "இருக்கட்டும், அதுக்கு நீ சோறா போடுறே" என்பார். இப்போதுதான் தடுக்க ஆள் இல்லையே, பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டுவிட்டேன். தராசில் வைக்கும் முன்னால் அவர் ஒரு உதறு உதறினார். தலைமாட்டுப் பைக்குள் கலகலவென்று சத்தம். உள்ளே ஹிந்திப் பேப்பர்ச் சுருள், அதன்மேல் இவருடைய கட்டம் போட்ட கைக்குட்டை, இரட்டை முடிச்சு. அந்த முடிச்சை நான் 40 வருஷமாக அவிழ்த்திருக்கிறேன், வேறு யாரும் அப்படிப் போட மாட்டார்கள்.

துண்டுகளைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினேன். உடைந்த ஓரத்தில் மண் நிறமே இல்லையடி. கல் உப்பை உடைத்த மாதிரி வெள்ளை, தொட்டால் நறநற. அந்தக் கடைக்காரர் சொன்னாரே, இதில் களிமண்ணே கிடையாது, குவார்ட்ஸ் கல்லைப் பொடித்து, கண்ணாடித் தூளும் முல்தானி மட்டியும் பிசினும் சேர்த்துப் பிசைவது என்று. முல்தானி மட்டி முகத்துக்கல்லவா பூசுவது என்று நீ கேட்டதும் அவர் சிரித்தார். நீலத்துக்குக் கோபால்ட், பச்சைக்குச் செம்பு என்றார். ரொம்பச் சூடு காட்டாமல் சுடுகிற சாமான், அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கொதிக்கக் கொதிக்க எதையும் ஊற்றாதீர்கள் என்றார். அதையெல்லாம் நமக்குத் தமிழில் சொன்னது யார்? பத்மா அக்கா. நம் கூட்டத்திலேயே ஹிந்திப் பிரச்சார சபாவில் விஷாரத் பரீட்சை வரை படித்தவர் அவர் ஒருத்தர்தானே. உங்க அண்ணன் அப்போது கடைக்குள் இல்லை. பஸ்ஸில் பைகளுக்குக் காவல் இருந்தார்.

துண்டுகளின் உள்பக்கம் டீக்கறை. வழவழப்பின்மேல் இல்லை. விரிசலுக்குள், அந்த வெள்ளை நறநறப்புக்குள், பழுப்பாக ஊறிப்போயிருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தேன். 30 வருஷம் வவுச்சர் பார்த்த கண்ணுக்கு இது தெரியாதா? உடைந்த பிறகு டீ படவில்லை. டீ பட்டுத்தான் உடைந்திருக்கிறது.

அந்த ராத்திரியை நினைத்துப் பார். 1994 டிசம்பர். செப்டம்பரில் போக வேண்டியது. சூரத் பிளேக் பயத்தில் டிக்கெட்டையெல்லாம் கேன்சல் செய்துவிட்டு டிசம்பரில் போய் நடுங்கினோமே. திரும்பும்போது தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். டில்லியில் ராத்திரி ஏறி எல்லாரும் படுத்தாயிற்று. விடிகாலையில் ஜான்சியோ போபாலோ, ஏதோ ஒரு ஸ்டேஷனில் "சாய், சாய்" சத்தம். அங்கே மண் குவளையில்தான் டீ. இவருக்கு அந்த மண் வாசனை குமட்டும். பக்கத்தில் கையெட்டும் தூரத்தில் உன் பை. அதன் மேலாக்கில் அழகாக ஒரு மக்.

அப்புறம் என்ன, பட்டென்று போயிருக்கும்.

நாக்பூரில் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஏறியபோதுதான் நீ தேடினாய். அதற்கு முந்தின நாள் பத்மா அக்கா "எனக்குக் கொடுத்துடேன், 70 தர்றேன்" என்று கேட்டிருந்தார். அவ்வளவுதான் நமக்குக் கிடைத்த சாட்சி. கேட்டது நீதான். ஆனால் கேளு கேளு என்று உன் விலாவில் இடித்தது நான். இத்தனை வருஷத்தில் அதை நீ ஒரு தடவைகூட என்னிடம் சொல்லிக்காட்டியதில்லை, கவனித்திருக்கிறேன்.

அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. பையை அப்படியே பெர்த்தில் கவிழ்த்தார். ஆக்ரா பேட்டா டப்பா, தாளில் சுற்றிய கண்ணாடி வளையல், விக்ஸ், மடித்து வைத்த உள்பாவாடைகள். ஒவ்வொரு உள்பாவாடையையும் பிரித்து உதறிக் காட்டினார். எதிர் சீட்டில் நம் கேஷியரும் இரண்டு பட்டாளத்துக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு எல்லாவற்றையும் நிதானமாக மடித்து உள்ளே வைத்துவிட்டு, சென்னை வரைக்கும் கதவோரத்தில் பெட்டிமேல் உட்கார்ந்து வந்தார்.

இவர் மேல் பெர்த்தில் தலையோடு போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் கழித்து, "அந்தம்மாவை அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டேன் கோமு. அவரிடம் போய்க் கேட்டேன், உங்களுக்கு என்ன தெரியும் என்று.

இந்த ஒரு வாரமாக என் அலமாரியை என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. உனக்கு ஈடாக ஒன்று வாங்கித் தர வேண்டும் என்றுதான் நான் ஊர் ஊராக மக் பார்க்க ஆரம்பித்தது. வாங்கியதெல்லாம் எனக்கே பிடித்துப்போய் நானே வைத்துக்கொண்டது உனக்குத் தெரிந்த கதை. மக்கு சேர்க்கிற மக்கு என்று நீ பெயர் வைத்தாய். குளிக்கிற ரூமில் இருக்க வேண்டியதைக் கூடத்தில் அடுக்கியிருக்கிறாளே என்று மாமியார் போகிற வரைக்கும் புலம்பினார். நேற்று எண்ணினேன், 38 இருக்கிறது. ஒன்றில்கூட நான் காபி குடித்ததில்லை. ஆற்ற முடியாத பாத்திரத்தில் என்ன காபி? டபரா செட்தான் எனக்கு. சிங்கத் தலையும் மீன் உடம்புமாக இருக்கிற சிங்கப்பூர் மக்கை அடியில் திருப்பினால் சீனாவில் செய்தது என்று இருக்கிறது. நீ ரிட்டையர்மெண்டுக்கு போட்டோ அச்சடித்துக் கொடுத்ததை வேலைக்காரப் பெண் கம்பி நாரால் தேய்த்துத் தேய்த்து, இப்போது நம் இருவரில் உன் மூக்குத்தி மட்டும்தான் மிச்சம். வசந்தி லண்டன் பழைய சாமான் சந்தையில் எடுத்து அனுப்பினாளே, எட்டாம் எட்வர்ட் முடிசூட்டு மக், அதில்தான் இவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். 1937 மே 12 என்று நாள் குறித்து மக்கெல்லாம் அடித்து முடித்தாயிற்று. மாப்பிள்ளை 1936 டிசம்பரிலேயே மனசுக்குப் பிடித்தவளுக்காக மகுடமே வேண்டாம் என்று போய்விட்டார். அதே முகூர்த்தத்தில் தம்பியை மணையில் உட்கார வைத்தார்கள். "நடக்காத கல்யாணத்துத் தாம்பூலப் பை" என்று வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். என் அலமாரியில் பொய் சொல்வது அந்த ஒன்றுதான் என்று நானும் நினைத்திருந்தேன்.

ஒன்று கவனித்திருக்கிறாயா? இத்தனை மக்கில் ஒன்றுகூட வழியில் உடைந்ததில்லை. பெட்டியில் வைக்க விட மாட்டார். தன் பனியனில் சுற்றி, கைப்பையில் வைத்து, மடியில் ஏந்திக்கொண்டுதான் வருவார். அன்பு என்று நினைத்தேன். அன்பாகவும் இருக்கலாம், யார் கண்டது.

2019 டிசம்பரில் முரளி எங்களை செக் நாட்டுக்குக் கூட்டிப்போனான் இல்லையா, கார்லோவி வாரி. மண்டபம் மண்டபமாக ஊற்று. கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி ஆளாளுக்கு ஒரு குவளையோடு சுற்றுகிறார்கள். அந்தக் குவளைக்குக் கைப்பிடிதான் வாய். கைப்பிடி உள்ளே குழல், அதன் வழியாக உறிஞ்ச வேண்டும். குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுவது போலத்தான். நடந்துகொண்டே மெதுவாகக் குடிக்க வேண்டுமாம், வைத்தியம். ஒரு ஊற்று 12 மீட்டர் உயரத்துக்குப் பீய்ச்சி அடிக்கிறது, 73 டிகிரி சூடு. தண்ணீர் உப்பு, துருப்பிடித்த ஆணியை நக்கியது போல. நான் குவளையை நேராகக் குழாயடியில் நீட்டினேன். இவர் பிடுங்கிக்கொண்டார். கொஞ்சம் பிடித்து, சுழற்றி, கொட்டிவிட்டு, மறுபடி கொஞ்சம் பிடித்து, சுழற்றி, பிறகுதான் நிரப்பிக் கொடுத்தார். எந்தப் புது மக்கானாலும் அப்படித்தான் செய்வார். கழுவுகிறார் என்று நினைத்திருந்தேன். இப்போது புரிகிறது. சூட்டுக்குப் பழக்கியிருக்கிறார் மனுஷன்.

மறுநாள் நியூரம்பெர்க் கிறிஸ்துமஸ் சந்தை. அங்கே சூடான ஒயினை மக்கில் தருகிறார்கள். நம் சோடா பாட்டிலுக்குப் போல மக்குக்கும் டெபாசிட் கட்ட வேண்டும். திருப்பிக் கொடுத்தால் காசு வாபஸ். எங்கள் இருவருக்கும் முரளி சாராயம் இல்லாத குழந்தைகள் பானம் வாங்கிக் கொடுத்தான், பழரசத்தைச் சுட வைத்தது. குளிருக்கு அமிர்தமாக இருந்தது. மக்கில் ஊர் பெயரும் அந்த வருஷமும் போட்டிருந்தது. உங்க அண்ணனைத்தான் தெரியுமே, 50 பைசாவுக்குப் பதில் மிட்டாய் கொடுத்தால் கடையிலேயே சண்டைக்கு நிற்கிறவர். டெபாசிட்டை வாங்கி வாருங்கள் என்றேன். மக்கைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, "காசு போனா போகுது, உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். 2021-க்குப் பிறகு அந்த 2019-ஐத் துடைக்கும்போது மட்டும் நான் துணியை மாற்றிக்கொள்வேன், பூத்துவாலையால் துடைப்பேன். சிரிக்காதே.

அவர்மேல் கோபம் வருகிறதா என்று கேட்பாய். வருகிறது. அந்த அறுபது ரூபாயை அன்றைக்கே உன்னிடம் கொடுத்துவிட்டு, "தெரியாம உடைச்சிட்டேன்மா" என்றால் நீ என்ன தூக்கிலா போட்டிருப்பாய்? ரெண்டு நாள் கேலி செய்திருப்பாய். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அவர் போட்டோவைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டேன். அப்புறம் தோன்றியது, அவர் செய்தது ஒரு மக்கை உடைத்தது, வாயைத் திறக்காதது. பையைக் கவிழ்க்க வைத்தது நாம். நாக்பூரில் அவர் வாயைத் திறக்கலாம் என்று நினைத்தபோது நாம் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டோமோ என்னவோ. ஒருத்தர் மானம் போன பிறகு, நான்தான் என்று சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும். அது அவரிடம் இல்லை. துண்டுகளைத் தூக்கி எறிகிற தைரியமும் இல்லை. ஜன்னல் வழியாக நர்மதையில் போட்டிருக்கலாமே, வழியில்தானே வந்தது.

பத்மா அக்கா மறு வருஷமே மாற்றல் வாங்கிக்கொண்டு தென்காசி போனார். பிரிவு உபசாரத்தில் நமக்குக் கைகூப்பினார், கையைப் பிடிக்கவில்லை. ரிட்டையர் ஆனபோது பத்திரிகை வந்தது, நாம் போகவில்லை, மொய்க்கு மணியார்டர் அனுப்பினோம். மணியார்டர்! விசாரித்துவிட்டேன், இன்னும் தென்காசியில்தான், சின்ன மகன் வீட்டில். 80-ஐத் தொடப்போகிறார். காது சரியாகக் கேட்காதாம், கண் நன்றாக இருக்கிறதாம்.

முரளி கூடாது என்கிறான். "அப்பா பேரைக் கெடுக்கப் போறீங்களாம்மா, அவங்க மறந்தே போயிருப்பாங்க" என்கிறான். உள்பாவாடையை உதறிக் காட்டினதை எந்தப் பொம்பளையடி மறப்பாள்? சரி, அவர் பெயரைச் சொல்லாமல் எங்கள் சாமானிலேயே இருந்தது என்று மழுப்பலாமா என்று ரெண்டு ராத்திரி யோசித்தேன். முடியாது. இன்னொரு பொய்யைக் கைக்குட்டையில் முடிந்து வைக்க எனக்கு இடமில்லை.

அதனால் நீ கிளம்பி வா. பழனி வழியாக வருகிற ரயிலைப் பிடித்து ராத்திரி இங்கே தங்கு, காலையில் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுவோம். சீசன் நன்றாக இருக்கிறதே, அப்படியே குற்றாலத்தில் ஒரு குளியல் போடலாமே என்று ஆரம்பிப்பாய் என்று தெரியும். முதலில் அக்கா, அப்புறம் அருவி. அதுவும் அக்கா நம்மோடு பேசினால்தான்.

துண்டுகளை ஒட்டிவிடலாமா என்று பேத்தி கேட்டாள், ஜப்பானில் தங்கம் வைத்து ஒட்டுவார்களாம், வீடியோவில் பார்த்தாளாம். தங்கம் விற்கிற விலையில்! ஒன்றும் வேண்டாம், அதே பேப்பரில் சுற்றி, அதே கைக்குட்டையில் வைத்திருக்கிறேன். முடிச்சு மட்டும் அவர் போட்ட மாதிரி எனக்கு வரவில்லை. அக்கா முன்னால் நான் அவிழ்க்கிறேன், நீ பேசு. இல்லை, நானே பேசுகிறேன், நீ பக்கத்தில் உட்கார்ந்திரு. சத்தமாகப் பேச வேண்டியிருக்கும், மகன் வீட்டில் எல்லாருக்கும் கேட்கும். கேட்கட்டும்.

எந்த நாள் உனக்குத் தோது என்று எழுது. ரோஜாப்பூ அனுப்பாதே.

உன்,
ராஜி