செயலாளரின் ஆண்டறிக்கை: இணையக் கலைக்களஞ்சியத் தன்னார்வலர் சங்கம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இவ்வறிக்கை மின்னஞ்சலில் வந்துசேரும். அவர்களைப் பற்றிய பகுதி பிற்பாதியில் இருக்கிறது, தேடிப் படித்துக்கொள்ளலாம்.

செயற்குழு விதிப்படி கூடியது. ஒளிப்படப் போட்டி நடந்தது. எழுத்துப்பிழை திருத்தும் முகாம் நடந்தது. சங்க நூல்கள் பட்டியலிடப்பட்டன. இரவல் போனவை போனவையே.

இனி, ஆண்டு முழுவதும் வேலை வாங்கிய பெண் பங்களிப்பாளர் திட்டம், அதாவது விக்கிப்பீடியாவில் எழுதும் பெண்களைக் கூட்டும் முயற்சி. ‘எத்தனை பெண்கள் சேர்ந்தார்கள், ஒரு எண் சொல்லுங்கள்’ என்று செயற்குழுவில் கேட்கப்பட்டது. பயனர் கணக்கின் விருப்பத்தேர்வில் பாலினம் குறிப்பிடுவது கட்டாயமில்லை. குறிப்பிட்டால் அது எல்லோருக்கும் தெரியும் என்பதால் பலர், குறிப்பாகப் பெண்கள், அதைத் தொடுவதே இல்லை. உலக அளவிலேயே இந்தக் கணக்கு கடினம். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், பங்களிப்பாளர்களில் பெண்கள் 9 விழுக்காட்டை ஒட்டியே இருந்தார்கள். 2008 கணக்கெடுப்பில் 13 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக வந்ததை, பதில் சொல்லாமல் விட்டவர்களையும் கருதி 2013இல் மறுமதிப்பீடு செய்தபோது 16 ஆனது. 2015க்குள் 25 விழுக்காடு என்று அறக்கட்டளை வைத்த இலக்கு எட்டப்படவில்லை. அவர்களுக்கே இந்த நிலை என்றால், சங்கச் செயலாளரிடம் துல்லியம் கேட்பது கொஞ்சம் அதிகம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பெண்களைப் பற்றிய கட்டுரைகள் கூடுவது வேறு, எழுதும் பெண்கள் கூடுவது வேறு. 2015இல் தொடங்கிய ‘விமன் இன் ரெட்’ திட்டம் முதல் வகை. 2014 வாக்கில் ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கை வரலாறுகளில் 15 விழுக்காட்டை ஒட்டி இருந்த பெண்களின் பங்கு இன்று 20ஐ ஒட்டி வந்திருக்கிறது. அதில் ஆண்களும் எழுதுகிறார்கள், நல்லதுதான். ஆனால் கட்டுரை எண்ணிக்கையைக் காட்டிப் பங்களிப்பாளர் குறை தீர்ந்துவிட்டதாக நம் சுற்றறிக்கைகளில் எழுதுவதை நிறுத்த வேண்டும்.

மார்ச் மாதத்தில் ஒரே ஒரு நாள் தொடர்தொகுப்பு (எல்லோரும் கூடி உட்கார்ந்து கட்டுரை எழுதித் திருத்தும் நிகழ்வு) நடத்தி, குழுப் படம் எடுத்து, சான்றிதழ் கொடுத்து அனுப்பும் பழைய முறையை இவ்வாண்டு கைவிட்டு, வாராந்திர அமர்வுக்கு மாறினோம். சிலருக்கு வருத்தம். ஒரு நாள் நிகழ்வில் காலைப்பொழுது கணக்குத் தொடங்குவதிலேயே கரைகிறது. ஒரே ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பின் அடையாள எண்ணிலிருந்து) 24 மணி நேரத்தில் 6 கணக்குகளுக்கு மேல் தொடங்க முடியாது. அரங்கின் வைஃபையில் ஏழாவதாக உட்கார்ந்தவருக்குப் பிழைச்செய்திதான் வரும். கைப்பேசி இணையத்துக்கு மாறினாலும், பலர் பகிரும் அந்த முகவரி யாரோ செய்த விஷமத்துக்காக ஏற்கெனவே தடைபட்டிருக்கலாம். ஆகவே வீட்டிலிருந்தே கணக்குத் தொடங்கி வரச் சொல்ல வேண்டும். இயலாதவர்களுக்கு, கணக்கு உருவாக்கும் அணுக்கம் (சிறப்பு அனுமதி) பெற்ற ஒருவர் அரங்கில் இருக்க வேண்டும். அல்லது அரங்கின் ஐபி முகவரியைக் கொடுத்து, இந்த வரம்பிலிருந்து விலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். நிகழ்வன்று காலையில் விண்ணப்பித்துப் பயனில்லை.

பயனர்பெயரில் இயற்பெயர், பிறந்த ஆண்டு, பணியிடம் எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்கிறோம். பின்னால் பெயர்மாற்றம் செய்யலாம், ஆனால் பழைய பெயர் பதிவேட்டில் தங்கிவிடும். தளத்தின் வழியாக ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்பினாலும், வந்த அஞ்சலுக்கு மறுமொழி எழுதினாலும் நம் மின்னஞ்சல் முகவரி அவர் கைக்குப் போய்விடும். எனவே தளத்தில் பயனர்கள் உரையாடும் பேச்சுப் பக்கத்திலேயே பதில் எழுதப் பழக்குகிறோம். புத்தம்புதுக் கணக்குகளிலிருந்து அஞ்சல் வராமல் தடுக்கவும், குறிப்பிட்ட ஒருவரை விலக்கவும் விருப்பத்தேர்வில் வழி இருக்கிறது. பழைய உறுப்பினர்கள் சிலருக்கே அது தெரிந்திருக்கவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டதில்லை என்பதுதான் காரணம்.

வாராந்திர அமர்வில் முதல் வேலை புதுக் கட்டுரை அல்ல. இருக்கும் கட்டுரைக்கு மேற்கோள் சேர்ப்பது, வழிமாற்று (வேறு பெயரில் தேடினாலும் கட்டுரைக்குக் கொண்டுசேர்க்கும் பக்கம்) உருவாக்குவது, பகுப்பு (எந்த வகைக் கட்டுரை என்ற குறி) இடுவது. திருமணத்துக்கு முன்னும் பின்னும் வெவ்வேறு பெயரில் எழுதிய ஆய்வாளர்களுக்கு வழிமாற்று இல்லாவிட்டால் தேடுபவருக்குக் கட்டுரை கிடைக்காது. மேற்கோள் தேடும் நமக்கும் அவர்களுடைய பாதிப் பணி கண்ணில் படாது. கைபழகிய பிறகு, மணல்தொட்டியில் (பயிற்சிப் பக்கத்தில்) வரைவு. தொடங்குமுன் மூன்று மூலங்களாவது கையில் இருக்க வேண்டும்: கட்டுரைக்குரியவரோடு தொடர்பில்லாதவர்கள், அவரைப் பற்றி விரிவாக எழுதியவை. அவரே கொடுத்த நேர்காணல், அவர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பக்கம், பதிப்பகத்தின் பின்னட்டைக் குறிப்பு ஆகியவை குறிப்பிடத்தக்கமையை (தனிக் கட்டுரை பெறும் தகுதியை) நிறுவ உதவா. பெண் ஆளுமைகள் பலருக்கு இவை மட்டுமே கிடைப்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

கனடிய இயற்பியலாளர் டோனா ஸ்டிரிக்லண்ட் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு வந்த வரைவு, சார்பற்ற மூலங்கள் போதாது என்று 2018 மே மாதம் திருப்பி அனுப்பப்பட்டது. அக்டோபர் 2 அன்று அவருக்கு இயற்பியல் நோபல் அறிவிக்கப்பட்டபோது அவர் பெயரில் கட்டுரை இல்லை. பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜெரார் மூரூவுக்கு இருந்தது. ஸ்டிரிக்லண்ட் 2013இலேயே ஒளியியல் அறிஞர்களின் கழகமான ஆப்டிகல் சொசைட்டியின் தலைவராக இருந்தவர். கல்வியாளர்களுக்கான தனி அளவுகோலின்படி அதைச் சான்றோடு முதல் பத்தியிலேயே வைத்திருந்தால் வரைவு தப்பியிருக்கும் என்பது என் கருத்து. அதனால் விருது, கழக உறுப்பாண்மை, தலைமைப் பொறுப்பு ஆகியவற்றை மேற்கோளுடன் முதல் இரண்டு வரிக்குள் கொண்டுவரச் சொல்கிறோம். ‘இன்னாரின் மனைவியும் ஆய்வாளருமான’ என்று தொடங்கிய வரைவுகளை, ஆய்வில் தொடங்கி, குடும்பம் பொருத்தமான இடத்தில் வரும்படி மாற்றச் செய்தோம். இப்படித் தொடங்கியவை பெரும்பாலும் ஆண்கள் எழுதிய வரைவுகள். பட்டியல் என்னிடம் இருக்கிறது, படிக்கப்போவதில்லை.

வெளியிட்டதும் வேலை முடிவதில்லை. பிற கட்டுரைகளிலிருந்து இணைப்பு இல்லாத கட்டுரை அநாதையாகக் கிடக்கும். துறை, விருதுப் பட்டியல், பயின்ற நிறுவனம், உடன் ஆய்வு செய்தவர் என்று நாலைந்து பக்கங்களிலாவது இணைப்புத் தர வேண்டும். படம் சேர்ப்பதானால், உரிமை வழங்க வேண்டியவர் படத்தில் இருப்பவர் அல்லர், எடுத்தவர். அவருடைய ஒப்புதல் அஞ்சல் இல்லாமல் ஏற்றிய படம் நீக்கப்படும்.

புதியவர்களை நாம் இழப்பது பயிற்சி நாளில் அல்ல, அடுத்த சில நாள்களில். கட்டுரையின் தலையில் நீக்கல் வார்ப்புரு (‘இதை நீக்கலாம்’ என்னும் ஆயத்த அறிவிப்பு) விழுகிறது. பயனர் பேச்சுப் பக்கத்தில் விதிப்பக்க இணைப்புகள் நிறைந்த அறிவிப்பு ஒன்று, அடியில் நிர்வாகியோ வேறொரு பயனரோ இட்ட கையொப்பம். அந்தப் பக்கத்தில் தானும் எழுதலாம், கேள்வி கேட்கலாம் என்பதே புதியவருக்குத் தெரியாது. தண்டனைச் சீட்டு என்று நினைத்து வெளியேறிவிடுகிறார். ஆங்கில விக்கிப்பீடியாவில் நீக்கல் உரையாடலுக்கு 7 நாள் அவகாசம் உண்டு. கட்டுரையைக் காப்பாற்றப் போதுமான நேரம், யாராவது பார்த்துக்கொண்டிருந்தால்.

அந்த ‘யாராவது’க்காகவே வழிகாட்டிகள் சுற்றுமுறை வகுத்தேன். புதியவரின் கட்டுரையையும் பேச்சுப் பக்கத்தையும் தம் கவனிப்புப் பட்டியலில் (பக்கம் மாறினால் காட்டும் பட்டியலில்) சேர்த்து, நாளுக்கொரு முறை பார்ப்பது. வார்ப்புரு விழுந்தால் என்ன மூலம் குறைகிறது என்று எளிய தமிழில் ஒரு வரி எழுதுவது. தொகுப்பை யாராவது காரணம் எழுதாமல் மீளமைத்திருந்தால் (பழையபடி ஆக்கியிருந்தால்) கண்ணியமாக விளக்கம் கேட்பது. நாளுக்குப் பத்து நிமிட வேலை. சென்ற பொதுக்குழுவில் கையுயர்த்திப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் ஒரு பக்கத்தைக்கூடத் தம் பட்டியலில் சேர்க்கவில்லை. வாட்சப் குழுவில் அமர்வு அறிவிப்பு போட்டால் கட்டைவிரல் குறிகள் வரிசையாக விழுகின்றன, அமர்வில் அந்த விரல்களுக்குரியவர்கள் இல்லை. சிலர் வந்தார்கள், வந்து, புதியவரின் விசைப்பலகையைத் தாமே வாங்கித் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தொகுப்பு நன்றாக இருந்தது, தொகுத்தவர் கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை. வழிகாட்டி கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்பதை அடுத்த ஆண்டு விதியாகவே எழுதலாம்.

சந்தா. பெரும்பாலோர் செலுத்தவில்லை. நினைவூட்டல் அனுப்பினால், ‘தன்னார்வப் பணிக்குக் கட்டணமா?’ என்ற பதில் வருகிறது. அரங்கும் இணைய இணைப்பும் தன்னார்வத்தில் கிடைப்பதில்லை. வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே வைப்பார். வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு தவிர்க்க முடியாதது, கையிருப்பு அடுத்த சில அமர்வுகளுக்குத் தாங்கும் என்ற அளவில் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், அரங்கு தந்தவர்கள், மடிக்கணினி இரவல் கொடுத்தவர்கள் அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. விடாமல் வந்து புதியவர்களோடு உட்கார்ந்த சில உறுப்பினர்களுக்கு என் தனிப்பட்ட நன்றியும்.

வரும் ஆண்டில் ஓர் அமர்வை இணையவழியாக்கவும், நேரில் நடப்பதைப் பகல் வேளைக்கு மாற்றவும், குழந்தைகளோடு வருவோருக்குப் பக்கத்து அறையை ஒதுக்கவும் செயற்குழு இசைந்துள்ளது. மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டுப் பெண்கள் ஏன் வரவில்லை என்று தீர்மானம் போடுவது இத்துடன் முடிகிறது. இதற்கு வழிகாட்டிகள் இன்னும் கூடுதலாக வேண்டும். இப்போதுள்ள ஆள்பலத்தில் செயலாளர் பொறுப்பையும் சுற்றுமுறையையும் ஒருவரே சுமப்பது இயலாது. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ள யார் முன்வந்தாலும் கோப்புகளை இன்றே ஒப்படைக்க அணியமாக இருக்கிறேன். சுற்றுமுறைத் தாள் இப்போது வரிசையாக வரும். பெயரோடு, எந்தக் கிழமை பார்ப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள். சந்தாப் பற்றுச்சீட்டுப் புத்தகம் பொருளாளரிடம் வாசல் பக்க மேசையில் இருக்கிறது.

இங்ஙனம்,
செயலாளர்